மகன் கேட்கும் கம்ப்யூட்டர்: விலை குதித்தது ஏன்?

சென்னை ரிச்சி தெரு. சனிக்கிழமை மாலை. 2025 டிசம்பர் மாதம். ஒரு கடை முன்னால் தகப்பனாரும் மகனும் நின்றுகொண்டிருந்தார்கள். பையன் கையில் ஒரு சீட்டு. விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அதில் எழுதியிருந்தன.

கடைக்காரர் கூட்டிப் பார்த்து விலை சொன்னார். தகப்பனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் தம்பி, கோடை லீவிலே இதே சீட்டைத்தானே காட்டினோம்? அப்போ சொன்ன விலை வேறே ஆச்சே!"

"என்ன செய்யச் சொல்றீங்க சார்? ராம் விலை ஏறிப் போச்சு. நாளைக்கு என்ன விலைன்னு எனக்கே தெரியாது."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2025 கோடையில் சுமார் 100 டாலருக்கு விற்ற 32 ஜிபி டிடிஆர்5 ராம், அந்த வருஷக் கடைசியில் 300 டாலரைத் தாண்டிவிட்டது. ஆறே மாதம்! தங்கம்கூட இப்படி ஏறவில்லை.

ராம் என்பது என்ன?

தையற்காரர் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். துணியெல்லாம் பீரோவில் இருக்கும். வெட்டும்போது எடுத்து மேஜைமேல் விரிப்பார். கம்ப்யூட்டரில் பீரோ என்பது டிஸ்க். மேஜைதான் ராம். மேஜை சின்னதாக இருந்தால், பீரோவுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்தே பொழுது போய்விடும். ஆட்டம் திக்கித் திக்கி ஓடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்த ராமுக்கு வேண்டிய சில்லுகளில் பெரும் பகுதியைச் செய்பவை உலகத்தில் மூன்றே கம்பெனிகள். தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ். அமெரிக்காவின் மைக்ரான். மூன்று பேர் மட்டுமே உள்ள சந்தையில் திடீரென்று ஒரு பெரிய வியாபாரி புகுந்தால் என்ன ஆகும்?

அதுதான் நடந்தது!

புகுந்தவர் யார்?

செயற்கை நுண்ணறிவு. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறதே, படம் வரைகிறதே, அதேதான். அது ஓடுவது உங்கள் போனில் இல்லை. எங்கோ பெரிய கொட்டகைகளில் அடுக்கிய யந்திரங்களில். என்விடியா கம்பெனி அதற்காகச் செய்யும் ஓர் அலமாரியில் 72 சில்லுகள் இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்த நினைவகம் மட்டும் 13,000 ஜிபிக்கு மேல். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 16 ஜிபி என்று வைத்துக்கொண்டால், 800 வீடுகளுக்கு ஆகும் அளவு. ஒரே ஓர் அலமாரிக்கு!

இந்த நினைவகம் வேறு ஜாதி. எச்.பி.எம். என்று பெயர். ஆனால் இதுவும் அதே கம்பெனிகளின் ஆலையில், சிலிக்கான் தகட்டிலிருந்துதான் வருகிறது. ஒரு ஜிபி எச்.பி.எம். செய்ய, சாதாரண ராமைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு தகடு பிடிக்கிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. லாபமும் அதில்தான் அதிகம். பிறகு ஆலைக்காரர் எந்தப் பக்கம் சாய்வார்?

2025 அக்டோபரில் சாம்சங்கும் ஹைனிக்ஸும் ஓப்பன்ஏஐ கம்பெனியோடு ஒரு பூர்வாங்க உடன்பாடு செய்துகொண்டன. மாதம் 9 லட்சம் தகடுகள் வரை என்று அப்போது பேச்சு. அதே டிசம்பரில் மைக்ரான் இன்னும் ஒரு படி போயிற்று. குரூஷியல் என்ற பெயரில் வீட்டுக்காரர்களுக்கு நேரே விற்ற ராம் வியாபாரத்தை 2026 பிப்ரவரியோடு மூடுவதாக அறிவித்தது. 29 வருஷ வியாபாரம்!

புது ஆலை கட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். கட்டுகிறார்கள். மைக்ரான் அமெரிக்காவின் ஐடஹோவில் கட்டும் ஆலை 2027-ல் சரக்குத் தரும் என்று சொல்லியிருந்தது. குஜராத்தில் சானந்தில் அதே கம்பெனி அமைத்த ஆலையோ சில்லுகளை உருவாக்கும் ஆலை அல்ல. வேறிடத்தில் செய்த சில்லைச் சோதித்துக் கட்டி அனுப்பும் இடம். ஆகவே, "அடுத்த மாசம் இறங்கிடும்" என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எந்த ஆட்டம்?

கடைக்குப் போகுமுன் பையனிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். முக்கால்வாசிப் பணம் இந்தப் பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

வாலரண்ட் என்று சொன்னால் கவலை குறைவு. அதை ஓட்டக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம் போதும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டும் கட்டாயமில்லை. சைபர்பங்க் 2077 என்றால் 12 ஜிபி வேண்டும், ஆறு ஜிபி கார்டும் வேண்டும். பிளாக் மித் வூகாங் என்றால் ராம் 16 ஜிபிக்குக் குறையக்கூடாது. எல்லாப் பையன்களும் மூன்றாவதை ஆடுவதுபோல் சீட்டு எழுதுகிறார்கள். ஆடுவதென்னவோ முதலாவதைத்தான்!

(பணம் கட்டி ஆடும் சூதாட்டம் வேறு. அதை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இவை அந்த ரகமல்ல. ஆனால் வாலரண்டில் துப்பாக்கிக்குப் பளபளப்பு உறை விற்பார்கள். அதற்கு அப்பாவின் கார்டு நம்பரைக் கேட்பான். ஜாக்கிரதை.)

எங்கே குறைக்கலாம்?

கண்ணாடிப் பெட்டியில் குறைக்கலாம். வண்ண விளக்கு எரியும் விசிறியில் குறைக்கலாம். அவை ஆட்டத்தின் வேகத்தை இம்மியளவும் கூட்டா. ராமில் 16 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கார்டு வாங்கக் கையில் பணமில்லையென்றால், ரைசன் 5 5600ஜி போலப் படம் காட்டும் சக்தியும் உள்ளேயே இருக்கும் பிராசஸர் வாங்கலாம். அப்போது 8 ஜிபி ராம் இரண்டாகப் போடுங்கள். 16 ஜிபி ஒன்றே ஒன்று போட்டால் ஆட்டம் மந்தமாகும். மதர்போர்டுக்கு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது.

இன்னொரு வழியும் உண்டு. ஆபீஸ்களில் கழித்த பழைய கம்ப்யூட்டர். உள்ளேயே ராமும் இருக்கும். அது பழைய விலைக்கு வாங்கிய ராம்! இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியது வேண்டாம். விண்டோஸ் 11 அதை ஏற்காது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை சின்னது, சுலபத்தில் மாற்றவும் முடியாது. எனவே தனி மின்கம்பி கேட்காத கார்டுதான் பொருந்தும். ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகளில் பல அப்படிப்பட்டவை. பெட்டி ஒல்லியாக இருந்தால் கார்டும் குட்டையாக இருக்க வேண்டும்.

புதிதாகக் கட்டுபவர்கள் பேர் தெரியாத மலிவு பவர் சப்ளையை மட்டும் தொடாதீர்கள். அது கெட்டால் தனியாகப் போகாது. மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பின்னால் கார்டு போடும் எண்ணமிருந்தால் அதற்கும் சேர்த்து வாட் பார்த்து வாங்கிவிட வேண்டும்.

ரிச்சி தெருவுக்கு வருவோம். கடைக்காரர் பையனைப் பார்த்து, "என்ன ஆட்டம் ஆடுவே?" என்றார்.

"வாலரண்ட்."

கடைக்காரர் சீட்டை வாங்கிக் கார்டை அடித்தார். கண்ணாடிப் பெட்டியை அடித்தார். பிராசஸரை மாற்றி எழுதினார். தொகை கோடையில் கேட்டதைவிடக் குறைந்தே நின்றது. பையன் முகம் வாடியது.

"கார்டு?"

"இடம் காலியாத்தான் தம்பி இருக்கு. அடுத்த வருஷம் சொருகிக்கலாம்."

தகப்பனார் பவர் சப்ளைப் பெட்டியைத் திருப்பி, அதில் எத்தனை வாட் போட்டிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.