குடியை விட்டவரைக் கொல்லும் சிகரெட்

அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக்கில், 1972 முதல் 1983 வரை குடிநோய்க்கும் பிற போதைகளுக்கும் உள்நோயாளிகளாகச் சிகிச்சை பெற்ற 845 பேர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று மருத்துவர்கள் தேடிப் பார்த்தார்கள். முடிவு 1996-ல் வெளியானது. இறந்துபோனவர்களில் 50.9 சதவீதம் பேரின் சாவுக்குக் காரணம் புகையிலை. மதுவின் பங்கு 34.1 சதவீதம். மதுவிலிருந்து மீளப் போனவர்களைப் பெரும்பாலும் கொண்டுபோனது சிகரெட்தான். குடியிலிருந்து மீள்வோருக்கான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான பில் வில்சன் 1934-ல் குடியை விட்டவர். புகைப்பழக்கம் இருந்த அவர் 1971-ல் நுரையீரல் நோயால் இறந்தார்.

“முதலில் குடியை நிறுத்தட்டும், பீடி சிகரெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. இரக்கத்தில் சொல்வதுதான். ஆனால், மரபணு ஆய்வுகள் காட்டுவது வேறு.

வியட்நாம் போர்க்கால ராணுவத்தில் இருந்த இரட்டையர்களை வைத்து 1999-ல் வெளியான ஆய்வு, மதுவுக்கும் நிகோட்டினுக்கும் அடிமையாகும் பரம்பரைச் சாய்வில் கணிசமான பகுதி இரண்டுக்கும் பொதுவானது என்றது. இரண்டிலும் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி. ஒருவர் குடிப்பதில் பாதிக்கு அவரது மரபணு பொறுப்பு என்று இதற்குப் பொருள் இல்லை; மக்களிடையே காணும் வித்தியாசத்தில் பாதியை மரபு விளக்குகிறது, அவ்வளவே.

அந்த மரபணு எது? 1990-ல் மூளை வேதிப்பொருளான டோபமைனின் ஏற்பி மரபணு ஒன்றைக் காட்டி ‘குடிகார ஜீன்’ கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னொரு குழு அதை மறுத்தது. 2008-ல் கிடைத்த தடயம் உறுதியானது. 15-வது குரோமோசோமில், நிகோட்டின் வந்து ஒட்டும் ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால், புகைக்கும் எண்ணிக்கை கூடுகிறது. அந்த ஏற்பிப் பகுதி இல்லாத எலிகள், மற்ற எலிகள் ஒதுக்கும் அளவு நிகோட்டினையும் விடாமல் எடுத்துக்கொண்டன. “போதும்” என்று சொல்லும் தடை அவற்றிடம் மழுங்கியிருந்தது. 2019-ல் 12 லட்சம் பேரின் மரபணுக்களை அலசியபோது புகை, மது தொடர்பாக 400-க்கும் மேற்பட்ட இடங்கள் தென்பட்டன. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் பங்கு துளியூண்டு. இதைக் கொண்டு ஒரு பையனின் ரத்தத்தைச் சோதித்து அவன் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

“அவங்க அப்பனும் அப்படித்தான், ரத்தத்திலேயே இருக்கு” என்று கைகழுவுபவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். அங்கே பலருக்கு, ஒரு மரபணு வேறுபாட்டால், மது உடைந்து உருவாகும் நச்சை அகற்றும் நொதி சரியாக வேலை செய்யாது. ஒரு கிளாஸ் உள்ளே போனாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். இயற்கை கொடுத்த காவல் இது. 1979-ல் ஜப்பானியக் குடிநோயாளிகளில் இந்த மரபணு வேறுபாடு உள்ளவர்கள் 2.5 சதவீதம். 1986-ல் 8 சதவீதம். 1992-ல் 13 சதவீதம். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. மாறியது குடிக்கும் பழக்கமும், அலுவலகம் முடிந்து கூடிக் குடித்தே ஆகவேண்டிய நெருக்கடியும்தான். காவலையே தாண்டவைக்கும் வலு சூழலுக்கு உண்டென்றால், சாய்வோடு பிறந்தவரைச் சூழலால் காப்பாற்றவும் முடியும்.

குடி, புகை இரண்டையும் ஒன்றாக விடச் சொன்னால் நோயாளி மீண்டும் குடிக்கப் போய்விடுவார் என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயத்துக்கு இடம்தரும் ஆய்வும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால், 19 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2004 ஆய்வில், போதைச் சிகிச்சையின்போதே புகைப்பழக்கத்துக்கும் சிகிச்சை பெற்றவர்கள் நீண்ட காலம் போதையின்றி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. புகையை நிறுத்தத் தரும் வேரனிக்லின் மாத்திரை, சில பரிசோதனைகளில் குடியையும் குறைத்திருக்கிறது.

குடிமீட்பு மையங்கள் சேர்க்கைப் படிவத்திலேயே “ஒரு நாளைக்கு எத்தனை பீடி, எத்தனை சிகரெட்?” என்று கேட்கட்டும், அதற்கான சிகிச்சையையும் அன்றே தொடங்கட்டும்.