மலைக்குப் பூட்டு போடலாமா?

நிலம் சொந்தம் என்றால் வேலி போடலாம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் ஒரு மலையே நின்றால்? மலைக்கும் சேர்த்துப் பூட்டு போடலாமா?

இந்தக் கேள்விக்காக இங்கிலாந்தில் 5 வாலிபர்கள் ஜெயிலுக்குப் போனார்கள்!

மான்செஸ்டர் பஞ்சாலை ஊர். ஷெப்பீல்டு இரும்பாலை ஊர். வாரம் பூராவும் புகையைக் குடித்த தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றுதான் முழு லீவு. இரண்டு ஊருக்கும் நடுவே கிண்டர் ஸ்கவுட் மலை. 2 ஆயிரம் அடிக்கு மேல் உயரம். கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது!

காரணம், மலை பிரபுக்களுக்குச் சொந்தம். கௌதாரி போன்ற ஒரு காட்டுப் பறவையை அங்கே வளர்த்துச் சுடுவார்கள். வேட்டை நடப்பது வருஷத்தில் சில நாள். காவல் வருஷம் பூராவும்!

கைகலப்பு

1932-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சுமார் 400 பேர் திரண்டார்கள். "போய்த்தான் பார்ப்போமே" என்று மலை ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு வயது 20. காவல்காரர்கள் தடிகளோடு மறித்தார்கள். கைகலப்பு. காவலர் ஒருவருக்குக் காயம்.

கோர்ட்டில் 5 பேருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை ஜெயில். ராத்மனுக்கு 4 மாதம். இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தது அந்நாட்டில் கிரிமினல் குற்றமே அல்ல. கலகம் செய்ததாகத்தான் வழக்கு!

ஜெயிலில் போட்டதால் ஆசை அடங்கிவிட்டதா? ஊரெல்லாம் அதே பேச்சு. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் அந்த மலைப் பிரதேசமே நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2000-ம் ஆண்டில் மேட்டு நிலங்களில் நடக்கவும் ஏறவும் தனிச் சட்டம் பிறந்தது.

2002-ல் 70-வது ஆண்டு விழா. டெவன்ஷயர் பிரபு நேரில் வந்தார். தன் பாட்டனார் காலத்தில் நடந்தது தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசு!

நிலக்காரர் பயம்

ஆனால் நிலக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வருகிறவன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறான். ஆடுகள் ரோட்டுக்கு வந்துவிடுகின்றன. டிராக்டர் போகும் வழியில் காரை நிறுத்துகிறான். கூட்டி வந்த நாய் ஆட்டுக்குட்டியைத் துரத்துகிறது. இதையெல்லாம் யார் சகிப்பார்கள்?

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பாறையிலிருந்து ஒருவன் விழுந்து காலை முறித்துக்கொண்டால் நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போவானே! "எதற்கு வம்பு?" என்று கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பல இடங்களில் பூட்டுக்குக் காரணம் பேராசை அல்ல, பயம்தான்.

2000-ம் ஆண்டுச் சட்டம் இதைப் புரிந்துகொண்டது. திறந்துவிட்ட நிலத்தில் இயற்கையான பாறையில் ஏறி ஒருவன் விழுந்தால் நிலக்காரர் பொறுப்பல்ல. அவரே வேண்டுமென்றோ, விளைவைப் பற்றிக் கவலைப்படாமலோ ஆபத்தை உண்டாக்கினால்தான் பொறுப்பு. ஏறுகிறவன் தன் தைரியத்தில் ஏறட்டும் என்று சொல்லிவிட்டது. இதுவல்லவோ சட்டம்!

குறையும் இருக்கிறது. இங்கிலாந்தில் இந்தச் சட்டம் திறந்தது நூற்றுக்கு 8 பங்கு நிலம்தான். காட்டுக்குள் இருக்கும் பாறை, பழைய கல்குவாரி போன்றவை பெரும்பாலும் வெளியே நிற்கின்றன. அங்கெல்லாம் நிலக்காரர் சம்மதம்தான் சாவி. பக்கத்திலேயே ஸ்காட்லாந்து 2003-ம் ஆண்டுச் சட்டத்தில், ஒழுங்காக நடந்துகொள்கிறவர்களுக்கு ஏறக்குறைய எல்லா நிலத்தையும் திறந்துவிட்டது. அங்கே முடிந்தது இங்கிலாந்தில் முடியாதா? பயத்தைப் போக்கிவிட்டு மீதிக் கேட்டுகளையும் திறக்க வேண்டும்.

வாக்கு முக்கியம்

ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வல்லூறு கூடு கட்டும் மாதங்களில் சில பாறைகளைத் தொடுவதில்லை என்று அந்நாட்டு மலையேறிகள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடுதான் கேட்டைத் திறந்து வைத்திருக்கிறது. ஒருவன் மீறினால் பூட்டு எல்லோருக்கும்!

மான்செஸ்டரில் ஜோ பிரவுன் என்று ஒரு பிளம்பர் இருந்தார். அம்மா துணி காயப்போட்ட பழைய கயிற்றை வைத்துக்கொண்டு ஏறப் பழகியவர். அவருக்குப் பள்ளிக்கூடம் அந்த வட்டாரத்துப் பாறைகள்தான். 1955-ம் ஆண்டு மே 25-ந் தேதி, உலகின் 3-வது உயரமான கஞ்சன்ஜங்கா மலையில் ஜார்ஜ் பேண்டுடன் முதன்முதலாக ஏறியவர் அவர்.

உச்சிக்குச் சில அடி கீழே இருவரும் நின்றுவிட்டார்கள். ஏன்? அந்தச் சிகரம் சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். உச்சியை மிதிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே வேலி இல்லை. காவல்காரன் இல்லை. பார்க்க ஆளே இல்லை. ஆனாலும் நின்றார்கள்!

இப்படிப்பட்டவர்களுக்கு எந்த நிலக்காரர் கேட்டைச் சாத்துவார்?