திருத்தும் கையும் மூலமும்

குறை கண்டு முகஞ்சுளிப்போர் பலர்; திருத்திக் காட்ட முனைவோர் சிலரே. ஜார்ஜ் லூக்காஸ் உருவாக்கிய 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில், பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1999இல் வந்த 'தி ஃபேன்டம் மெனஸ்' என்னும் அறிவியல் புனைவுப் படம் இரசிகர் பலரை ஏமாற்றியது. அமெரிக்க இரசிகர் ஒருவர் அதில் ஏறத்தாழ 20 நிமிடங்களைக் களைந்தார். ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் கோமாளிப் பாத்திரத்தின் சேட்டைகள் சுருங்கின. 2001 வாக்கில் அவ்வடிவம் வீடியோ நாடாக்களாகக் கைமாறிப் பரவியது.

இது திருட்டா, திறனாய்வா? சட்டம் உரிமையாளர் பக்கம் நிற்பதை மறுப்பதற்கில்லை. எனினும் களைந்த ஒவ்வொரு காட்சியும் ஒரு விமரிசனமே. மூலப்படமும் எவர்க்கும் கிட்டியமையால் இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்க இயன்றது.

லூக்காஸோ, அவ்வரிசையின் முதல் மூன்று படங்களையும் 1997இல் மாற்றியமைத்தார். பின்னர்ப் பழைய வடிவம் கிடைத்தற்கரியதாயிற்று. பழம்படங்களை மாற்றுதல் தகாதென 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாதிட்டவரும் அவரே!

சுவடி பதிப்பிப்போர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுவர். தமக்குப் பிடியாத ஏட்டைக் கொளுத்துவதில்லை. மாணவச் செல்வங்களே, திருத்துங்கள். ஆயின் மூலத்தையும் பிறர் காண விட்டுவையுங்கள். அவ்வறம் இரசிகனுக்கும் உண்டு, படைத்தவனுக்கும் உண்டு.