கழிக்கத் தெரியாத தராசு

ஆனி மாத மழை. நீலகிரியில், நெல்லியாளம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். சாலையோரத்தில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே கொழுந்து நிறுக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா முதுகிலிருந்து சாக்கை இறக்கித் தராசுக் கொக்கியில் மாட்டுகிறார். முள் 31இல் நிற்கிறது. ஏட்டில் எழுதும் இளைஞர் 27 என்று போடுகிறார்.

"ஏன் தம்பி நாலு கழிக்கிற?"

"சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு மூணுக்கா. இலையெல்லாம் ஒரே தண்ணி."

"மழை வந்ததே பதினோரு மணிக்கு மேலதானே. காலையில பறிச்சது காஞ்ச இலை. அதுக்கும் சேர்த்தா கழிப்ப?"

அவர் சாக்கின் வாயை விரித்து அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காட்டுகிறார். இளைஞர் தொட்டுப் பார்க்கிறார். 27ஐ அடித்துவிட்டு 28 என்று எழுதுகிறார்.

எவ்வளவு கழிப்பது நியாயம் என்பதில் தோட்டத்துக்குத் தோட்டம் தகராறு உண்டு. கழிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. மழைத்தண்ணீரைக் கொழுந்தென்று எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும் என்பது நிறுக்கிறவருக்கும் தெரியும், பறிக்கிறவருக்கும் தெரியும். ஒரு சாக்குக் கொழுந்துக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, ஒரு நாட்டின் கணக்குக்கு இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது. 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாவது மாநிலத்தின் இலக்கு. தொழிற்சாலை வருவதையும் சம்பளம் உயர்வதையும் நான் குறை சொல்லவில்லை. அந்த ஒற்றை எண்ணின் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். உற்பத்தி ஏறினால் வாழ்வும் கூடவே ஏறிவிடும், அதைத் தனியாக அளந்து பார்க்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை அது. டீக்கடை பெஞ்சிலும் கேட்கிறது, பட்ஜெட் உரையிலும் கேட்கிறது. ஆளுங்கட்சி எண்ணைக் காட்டிப் பெருமை பேசுகிறது. எதிர்க்கட்சி எண் போதாது என்கிறது. எண் எதை அளக்கிறது என்று இருவருமே கேட்பதில்லை.

நெல்லியாளம் நகராட்சிக்குள் இருக்கும் தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் இந்த மயக்கம் புதிதல்ல. இங்குள்ள பாறைகளில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு 1879 வாக்கில் லண்டன் வரை போனது. ஆஸ்திரேலியாவில் பழகிய பிரவ் ஸ்மித் என்ற நிபுணரை அரசு வரவழைத்து அறிக்கை வாங்கியது. ஓரிரு ஆண்டுகளுக்குள் இந்தியத் தங்கத்தின் பேரில் 40க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இங்கிலாந்தில் முளைத்தன. பெரும்பாலானவற்றின் கண் அன்றைய வயநாட்டின் இந்த மூலையின் மேல்தான். இயந்திரம் வந்தது, பங்களா எழுந்தது, பங்கு விலை ஏறியது. அன்றைக்கு யாராவது இந்தப் பகுதியின் வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிட்டிருந்தால் உலகமே வியந்திருக்கும். தங்கம் மட்டும் செலவுக்கு ஈடாகக் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் போய்விட்டன. குடைந்த சுரங்கங்கள் இன்னும் காட்டுக்குள் வாய் திறந்து கிடக்கின்றன. பணம் புரண்டதையே செல்வம் என்று எண்ணிய காலத்தின் மிச்சம் அது.

இன்று வளர்ச்சியை அளக்கும் எண்ணுக்கு உள்ள மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற பெயரில் 'மொத்த' என்ற சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். கழிவு போகாத கணக்கு என்று அந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. ஓராண்டில் நாட்டுக்குள் விளைந்த பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விலை போட்டுக் கூட்டுகிறார்கள். அதற்காக எது தேய்ந்தது, எது அழிந்தது என்று கழிப்பதில்லை. 'நிகர' கணக்கு என்று ஒன்று உண்டு. இயந்திரமும் கட்டடமும் தேய்ந்ததை அது கழிக்கிறது. காடு தேய்ந்ததையும் ஊற்று வற்றியதையும் அதுவும் இதுநாள்வரை கண்டுகொண்டதில்லை. இந்தக் கணக்கை அமெரிக்காவுக்கு வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அந்நாட்டு காங்கிரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, ஒரு தேசம் நலமாக இருக்கிறதா என்பதை இந்த எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது என்று எச்சரித்துவிட்டார். செய்தவரே இதற்கு இது ஆகாது என்று சொன்ன கருவியை 90 ஆண்டுகளாக அதற்கே பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மலையில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு 'அரிசி ராஜா' சாட்சி. பந்தலூர் மக்னா-2 என்று வனத்துறை பெயரிட்ட, தந்தமில்லாத ஆண் யானை அது. வீட்டுச் சுவரை உடைத்து அரிசி தின்னும் பழக்கத்தால் ஊர் வைத்த பெயர் அரிசி ராஜா. 2022 நவம்பரில் தேவாலா பக்கத்தில் ஒரு பெண் அதனால் உயிரிழந்தார். டிசம்பரில் பழக்கிய கும்கி யானைகளை வைத்து, மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். அடுத்த மாதமே அது கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகருக்குள் வந்து நின்றது. அங்கே மறுபடி பிடித்து முத்தங்கா முகாமில் அடைத்தார்கள்.

இப்போது நாட்டுக் கணக்கைப் பாருங்கள். கால்நடை மருத்துவரின் சம்பளம், கும்கிகளின் பராமரிப்பு, லாரி டீசல், ரேடியோ காலர், இரு மாநில வனத்துறைகளின் உழைப்பு எல்லாம் அரசுச் சேவை என்று உற்பத்தியில் கூடும். இடிந்த சமையலறைச் சுவரை மறுபடி கட்டிய சிமென்ட்டும் கூடும். யானை வருமோ என்று நிலைப்படியில் உட்கார்ந்து விடியவிடிய விழித்திருந்த குடும்பத்தின் தூக்கம் எங்கும் கழியாது. தோட்டமும் வீடும் வழித்தடத்தை மறித்ததால் யானை இழந்த காடும் கழியாது. யானை வராத ஆண்டைவிட யானை வந்த ஆண்டில் நாம் அதிகம் 'வளர்ந்திருக்கிறோம்'.

சேரம்பாடிக்கு அப்பால், எல்லை தாண்டினால் கேரளத்தின் வயநாடு. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர் வரை மிதந்து போயின. செத்தவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பலர். ராணுவம் அமைத்த பெய்லி பாலம், கல்பற்றாவின் புதிய குடியிருப்பு ஆகியவை அனைத்தும் கட்டுமானம் என்று கணக்கில் ஏறும். புதைந்த தோட்டத்தில் பறிக்க முடியாமல்போன கொழுந்தின் அளவுக்கு மட்டும் கணக்கு இறங்கும். மலைச்சரிவு இறங்கியதற்கு அதில் கட்டம் இல்லை.

கழிக்காதது ஒரு குற்றம் என்றால், கூட்டாதது இன்னொரு குற்றம். தராசடியில் நின்ற அந்த அம்மாவின் நாள் எட்டு மணிக்குத் தொடங்கவில்லை. நான்கரைக்கு எழுந்து அடுப்பு மூட்டி, மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆக்கி வைத்து, படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் துடைத்துவிட்டுத்தான் அவர் மலை ஏறுகிறார். தேசியக் கணக்கில் அவர் நாள் முதல் கொழுந்தில்தான் தொடங்குகிறது. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024இல் கண்டது இது: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அளந்தது அரசுதான். அந்த 289 நிமிடத்தை உற்பத்தி என்று ஏற்காததும் அதே அரசின் கணக்குமுறைதான்.

தராசு தப்பாக இருந்தால் தீர்ப்பும் தப்பாகும். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத்தின் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றது. அவர்களைக் கேட்டுச் செய்த ஒப்பந்தம் அல்ல அது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் வந்தவர்களுக்கு வாழ்வு கொடுக்கவே 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 1975இல் அது கழகமாயிற்று. அதுதான் டேன்டீ. நெல்லியாளமும் சேரம்பாடியும் சேரங்கோடும் அப்படித் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் எழுந்த இடங்கள். மறுவாழ்வுக்காகப் பிறந்த நிறுவனத்தைப் பிற்காலத்தில் எப்படி மதிப்பிட்டார்கள்? லாபமா நஷ்டமா என்று. நஷ்டப் பேச்சு முற்றிய நிலையில், 2022இல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டது.

காட்டுக்கு நிலம் திரும்புவது கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். யானைக்கும் அது நல்லது. அந்த முடிவுக்கு முன்னால் வைத்த ஏட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கேட்கிறேன். எத்தனை குடும்பம் நிலைகொண்டது, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், வேலை முடியும் நாளில் லயத்து வீட்டைவிட்டு எங்கே போவார்கள் என்ற வரிகள் அதில் இருந்திருந்தால், அரை நூற்றாண்டு நடந்த ஒரு மறுவாழ்வை வெறும் நஷ்டம் என்று முடித்திருக்க முடியுமா?

இன்னொன்றும் இந்த மண்ணில்தான். இங்கே நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மமாக, அதாவது பரம்பரை உடைமையாக இருந்தது. அதை ஒழிக்க 1969இல் கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் மீதான வழக்கு வளர்ந்துதான் ஐ.ஆர்.கொயலோ வழக்காகி, 2007இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கும் சட்டங்களும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவையே என்றது அத்தீர்ப்பு. இங்கே மரம் வெட்டுவதை எதிர்த்து கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12 உத்தரவு நாடு முழுவதும் காடு என்பதன் பொருளையே விரித்தது. சட்ட மாணவர் எவரும் படிக்காமல் தாண்ட முடியாத இரண்டு வழக்குகள். அவை பிறந்த ஊரில், ஜன்ம நிலச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலத்தில் வீடு கட்டி இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்கிறவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகள் ஆண்டுக்கணக்கில் மின் இணைப்பு இல்லாமல் கிடந்தன. மண்ணெண்ணெய் விளக்கில் பத்தாம் வகுப்புக்குப் படித்த பிள்ளை, மாநிலத்தின் தலைக்கு இவ்வளவு என்ற சராசரி வருமானத்தில் ஒரு தலையாக மட்டும் இருக்கிறது.

"வளர்ச்சி இல்லாமல் எதை வைத்துப் பள்ளி கட்டுவீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பணம் வேண்டும். முதலில் பணம், பிறகு நலம் என்ற வரிசைதான் பொய். காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோதும், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தபோதும் இந்த மாநிலம் பணக்கார மாநிலம் அல்ல. பிள்ளையின் தட்டைப் பார்த்து எடுத்த முடிவுகள் அவை. இன்று வரும் தொழிற்சாலைகள் தேடி வருகிற படித்த தொழிலாளிகள் அந்தத் தட்டில் சாப்பிட்டவர்கள். சோறு முன்னால் வந்தது, வளர்ச்சி பின்னால் வந்தது.

"மகிழ்ச்சியை எப்படி அளப்பீர்கள்? பூட்டானைப் பாருங்கள், மொத்த தேசிய மகிழ்ச்சி என்று பேசிய நாட்டின் இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்களே" என்பார்கள். அதுவும் உண்மை. நான் மகிழ்ச்சிக்கு மதிப்பெண் கேட்கவில்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய இழப்புகளை எண்ணச் சொல்கிறேன். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு மின்சாரம், வீடு, அடுப்பெரிபொருள் என்று 12 கூறுகளைப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் அந்த வறுமை 2019-21இல் 2.20 சதவீதம் என்றது. பாராட்டத்தக்க சாதனை. அந்த இரண்டு சதவீதம் எந்த மலையில், எந்தப் பாடியில் இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடிசைகளைச் சராசரிக்குள் கரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி.குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். எடுக்க எடுக்கக் குறையும் இருப்பை வைத்து வாழ்வதையும், மீண்டும் ஊறும் ஓட்டத்தை வைத்து வாழ்வதையும் ஒன்றாக எழுதக் கூடாது என்று அவர் வாதாடினார். இருப்பை விற்றதை வருமானம் என்று எழுதினால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்திட மாட்டார். உலகம் மெல்ல அந்த இடத்துக்கு வருகிறது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2025 மார்ச்சில் ஏற்ற புதிய தேசியக் கணக்குமுறை, இயற்கை வளம் குறைவதை உற்பத்திச் செலவாகக் கழிக்கச் சொல்கிறது. ஏட்டில் இடம் விட்டாயிற்று. இனி எழுத மனம் வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை எளியது. பட்ஜெட் நாளில் வளர்ச்சி விகிதத்தோடு, மாவட்டவாரியாக ஒரு கழிவுப் பக்கத்தையும் அரசு சட்டமன்றத்தில் வைக்கட்டும். நீலகிரிக்கு அதில் என்ன இருக்க வேண்டும் என்று நெல்லியாளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: யானையால் தூங்காத இரவுகள், மின் இணைப்பு இல்லாத வீடுகள், பிரசவ வலி எடுத்த பெண் ஆஸ்பத்திரி சேர ஆன நேரம், ஓய்வு பெற்றவருக்குப் பாக்கியும் வீடும் கிடைக்க ஆன நாட்கள், கோடையில் வற்றிய ஊற்றுகள். ரூபாயாக மாற்ற வேண்டாம். இரவை இரவென்றே எழுதுங்கள், வீட்டை வீடென்றே எழுதுங்கள். அந்த எண்கள் குறைந்தால்தான் வளர்ந்தோம் என்று பேசுங்கள்.

நடக்குமா என்று கேட்பவர்களுக்கு அந்தத் தார்ப்பாயின் அடியில் நடந்ததைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஓர் அம்மா, முள்ளையும் ஏட்டையும் மாறிமாறிப் பார்த்தார். சாக்கின் அடிக்கொழுந்தை அள்ளிக் காட்டினார். அடித்துத் திருத்தி 28 எழுதினார்கள். அவர் கேட்டிருக்காவிட்டால் அந்த ஒரு கிலோ போனது போனதுதான். அடுத்த முறை வளர்ச்சி விகிதம் அறிவிக்கும் நாளில், கைதட்டுவதற்கு முன்னால் நாமும் அவரைப்போல் முள்ளைப் பார்த்துக் கேட்போம்: கழிவு எவ்வளவு?