சர்வீஸ் முடிந்த வண்டி வேறு குரலில் பேசினால்

சர்வீஸுக்குப் போய் வந்த காரின் இன்ஜின் சத்தம் மாறியிருந்தால், ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வண்டியைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லும் கடமை சர்வீஸ் சென்டருக்கு உண்டு. "அதெல்லாம் நார்மல்தான் சார், ஓட்ட ஓட்ட சரியாயிடும்" என்பது பதில் இல்லை, நம்மை வாசலுக்கு அனுப்பி வைக்கும் மரியாதையான வழி. அதிலும் தலை நரைத்தவர் கேட்டால் "பெரியவருக்குப் பிரமை" என்று ஒரு சிரிப்பும் கூட வரும்.

நான் சொல்ல வருவது எளிய விஷயம். சர்வீஸ் சென்டரில் இருப்பவர் நம் வண்டியின் சத்தத்தை வருஷத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ கேட்கிறார். நாம் தினமும் கேட்கிறோம். பழைய சத்தம் எது, புதிய சத்தம் எது என்று ஒப்பிடக்கூடியவர் நாம்தான். அவரிடம் ஸ்கேனர் இருக்கிறது, உண்மை. ஆனால் சென்சார் பார்க்கிற பழுதைத்தான் ஸ்கேனர் சொல்லும். அடியில் ஒரு போல்ட் மாட்டாமல் விட்டதை எந்த ஸ்கேனரும் சொல்லாது. அம்பாசிடர், ஃபியட் காலத்து மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். அந்தப் பழக்கம் இன்றைக்கும் செல்லும்.

போன வருஷம் சர்வீஸ் முடிந்து வந்த என் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் "ஹூம்" என்று ஓர் இரைச்சல். திரும்பப் போனேன். வழக்கமான பதில்தான் வந்தது. "பானெட்டைத் திறங்கள் தம்பி, ஏர் ஃபில்டர் பெட்டியைப் பார்ப்போம்" என்று நின்றுவிட்டேன். மூடியில் ஒரு கிளிப் பூட்டாமல் இருந்தது. அரை நிமிஷ வேலை. விட்டிருந்தால் ஃபில்டரைத் தாண்டி ரோட்டுப் புழுதி உள்ளே போய், சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் மெல்லத் தேய்த்திருக்கும். பாதிப்பு தெரிய வரும்போது எந்த சர்வீஸில் வந்த வினை என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

ஒவ்வொரு சத்தத்துக்கும் தேட வேண்டிய இடம் உண்டு. நின்ற நிலையில் "உஸ்ஸ்" என்று காற்று சீறி, இன்ஜின் ஏறி இறங்கி ஓடினால், ஏதாவது வாக்யூம் ஹோஸ் கழன்றிருக்கலாம். வண்டி குலுங்கித் "தடதட" என்றால் பிளக்கோ, இக்னிஷன் காயிலின் கனெக்டரோ சரியாக உட்காரவில்லை எனலாம். அப்போது மஞ்சள் இன்ஜின் விளக்கு மின்னினால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் "கிரீச்" என்றால் பெல்ட். அடியிலிருந்து தகரம் ஆடுவதுபோல் "கடகட" என்றால் ஹீட் ஷீல்டோ, கீழ்மூடியோ.

"டிக் டிக்" சத்தம் இன்ஜின் வேகத்தோடு கூடிக்கொண்டே போனால், முதலில் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பில்லில் எழுதியுள்ள ஆயில் கிரேடு கார் புத்தகத்தில் உள்ளதுதானா என்றும் பாருங்கள். நம் பழைய வண்டிகள் 20டபிள்யூ-50 என்னும் கெட்டி ஆயில் குடித்தவை. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற இளக ஆயில்தான். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் யோசனையே வேண்டாம், ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

சத்தம் திடீரென்று குறைந்தாலும் கேளுங்கள். வால்வு இடைவெளியைக் கையால் சரிசெய்யும் இன்ஜின்களில், டாப்பெட்டை அதிகம் இறுக்கிவிட்டால் வண்டி பூனைபோல் ஓடும். ஆனால் வால்வு முழுதாக மூடாமல் சூட்டில் கருகும்.

எல்லா மாற்றமும் கோளாறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏசி ஓடினால் சத்தம் மாறும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால் மாறும். பாட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் சில கார்களில் ஐட்லிங் நிலைப்படக் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும். வயதாகும்போது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் நம் காதைவிட்டுப் போகின்றன. அதனால் பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

சர்வீஸுக்கு விடும் முன் பானெட்டைத் திறந்து, செல்போனில் ஒரு நிமிஷம் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். திரும்பி வந்ததும் அதே இடத்தில் இன்னொரு முறை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்தால், பிரமை என்று சொல்ல முடியாது. சத்தம் எப்போது வருகிறது, இன்ஜின் சூடா குளிரா, நிற்கும்போதா ஓடும்போதா என்று குறித்துக்கொண்டு அன்றைக்கோ மறுநாளோ போங்கள். புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இடையில் வேறு மெக்கானிக்கிடம் காட்டிக் கழற்றினால், பழி அவர் தலையில் போய்விடும்.

சர்வீஸ் சென்டர்காரர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். கண்ணாடியைத் துடைத்துச் சீட்டைத் தூசி தட்டிக் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். பணம் வாங்கும் முன் உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டுங்கள். மாட்டாத கிளிப்பும் இறுகாத போல்ட்டும் உங்கள் வாசலிலேயே அகப்பட்டுவிடும்.

நமக்கோ மறுநாள் போன் வரும், "பத்துக்குப் பத்து மார்க் போடுங்க சார்" என்று. மார்க் போடும் முன் பானெட்டைத் திறந்து, ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.