சத்தியம் ஏன் பொய்க்கிறது?

"இனி தொடமாட்டேன்" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், மறுநாள் மாலையே சாராயக் கடையில் நிற்கிறார். மும்பை தாராவியில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. "மானங்கெட்டவன்" என்று ஏசுகிறோம். அது முழு நியாயம் அல்ல.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவரின் மூளையும் நரம்பும் மதுவுக்குப் பழகிவிடுகின்றன. திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. சிலருக்கு 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். அதன்பின் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவதும், உயிரே போவதும் உண்டு. அந்த நடுக்கத்துக்கு அவர் அறிந்த மருந்து இன்னொரு கிளாஸ்தான்!

"ஊருக்குப் போனால் திருந்துவான்" என்று தனியே ரயில் ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் நமக்குப் பெரிய கவலை. திருநெல்வேலி போய்ச்சேர ஏறக்குறைய ஒன்றரை நாள். வலிப்பு வரக்கூடிய நேரமும் அதுவே. ஓடும் ரயிலில் டாக்டருக்கு எங்கே போவது?

முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்து உண்டு. 14446 என்ற அரசு எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். டிக்கெட்டைப் பிறகு எடுக்கலாம்.