எழுதாத உயிலும் அரைகுறை உயிலும்

மணமான மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவர் இறந்துபோனார். புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணைத் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டில் படிக்க வைத்தார்கள்; வேலைக்குப் போனார். 1996-இல் அவர் இறந்தபோது வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பணம் இருந்தது, உயில் இல்லை. பெற்ற தாய் உரிமை கோரினார். கணவருடைய சகோதரியின் மகன்களும் கோரினார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் பணத்தை அந்த மகன்களுக்கே கொடுத்தது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்றது.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 15-ஆவது பிரிவின்படி, கணவரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண் தானே சம்பாதித்தது, கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். தாய் தகப்பன் முறை அதற்குப் பிறகுதான். இதைச் சொன்னால் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் அதிர்ந்து போகிறார்கள். "நாமினியா அம்மா பேரைப் போட்டிருக்கேனே சார்" என்பார்கள். நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கி வைத்திருந்து உரிய வாரிசிடம் ஒப்படைக்க வேண்டியவர்தான். பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

சரி, உயில் எழுதிவிட்டால் போதுமா? முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். இந்த எளிமையை நம்பித்தான் பலர் வழக்கறிஞரிடம் வராமல் இருந்துவிடுகிறார்கள். நான் நடத்திய ஒரு வழக்கில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முத்துமுத்தான கையெழுத்தில் நான்கு பக்க உயில் எழுதியிருந்தார். மனைவிக்கு வீடு, மகளுக்கு நிலம், மகனுக்குக் கடை. எழுத்தில் ஒரு பிசிறு இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கு விசாரணையில் உண்மையைச் சொன்னார்: "மறுநாள் அவர் பையன் எங்க வீட்டுக்குக் கொண்டு வந்தான், கையெழுத்துப் போட்டேன்." இன்னொரு சாட்சியும் அப்படியே. உயில் அங்கேயே படுத்துவிட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 63-ஆவது பிரிவு, இரண்டு சாட்சிகளும் எழுதியவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்கிறது. அந்த மனிதரின் விருப்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் எங்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

உயிலை எழுதித் தருவது வழக்கறிஞரின் வேலையில் சிறு பகுதி. கேள்வி கேட்பதுதான் பெரும்பகுதி. சொத்து சுயார்ஜிதமா, பூர்வீகமா? பூர்வீகமென்றால் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். தாய்ப் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் பட்டாவில் உள்ளதும் ஒன்றுதானா? நீங்கள் எழுதிவைத்த மகன் உங்களுக்கு முன் இறந்துவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு? ஒரு மகளை விட்டுவிட்டீர்கள் என்றால் காரணத்தை எழுதுங்கள். அதிகம் பெறப்போகும் மகனே முன்னின்று உயிலை எழுத வைத்தால் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 1959-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னதிலிருந்து அதுதான் சட்டம். அதனால் பெரியவரை அழைத்து வரும் பிள்ளையை நான் வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கதவைச் சாத்திய பிறகு பெரியவர் சொல்வது, உள்ளே வரும்போது சொன்னதிலிருந்து சில நேரம் முற்றிலும் மாறியிருக்கும்.

சாட்சியாக உங்கள் வயதுடைய நண்பரைக் கூப்பிடாதீர்கள். உங்களுக்குப் பின் நீதிமன்றம் வந்து பேசக்கூடிய, வயதில் இளையவர் ஒருவராவது இருக்கட்டும். எழுதி முடித்ததும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பதிந்த பின்னும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இப்போதைக்கு விவரம் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால், உறையில் இட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால், உறை அங்கே இருப்பதை மட்டும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

கட்டுரையாளர், சிவில் வழக்கறிஞர்